நாலாவது சீட்டு

அத்தியாயம் 14

லீவு கேட்க ஒரு சாவு தேவைப்பட்டது. இசைவாணி யோசிக்காமல் சாகடித்தது நாத்தனார் பஞ்சம்மாளை.

பஞ்சம்மாளுக்கு ஒரு குறையும் இல்லை. அச்சங்குளத்தில் தன் வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அதே நேரத்தில்தான் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி வாசலில், போர்மேன் அய்யாதுரை முன்னால் நின்று, "அச்சங்குளத்து மதினி தவறிட்டாக அண்ணாச்சி" என்று இசைவாணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். போன வாரம் அந்த முந்தானையோடுதான் அவளை விட்டுவிட்டு வந்தோம்.

திட்டுவதற்கு முன்னால் அவள் பக்கத்தையும் கொஞ்சம் கேட்டுவிடுங்கள். தீபாவளிக்கு இன்னும் ஏழு வாரம். சீசன் நேரம். பூச்சட்டிகளைப் பெட்டியில் அடுக்குகிற பேக்கிங் அறையில் ஒரு ஆள் குறைந்தாலும் லோடு நின்றுபோகும். காய்ச்சல் என்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வா என்பார் அய்யாதுரை. கல்யாணம் என்றால் வேலை முடிந்து சாயங்காலமாகப் போய் மொய்யை வை என்பார். துட்டி என்றால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். சாவு வீட்டுக்குப் போகிறவளை மறிக்கிற துணிச்சல் அந்த வட்டாரத்தில் எந்தப் போர்மேனுக்கும் கிடையாது.

இத்தனையும் ஒரு படகுப் பயணத்துக்காக. அவள் புருசன் காளீஸ்வரன் சிவகாசியில் ஒரு அச்சகத்துக்கு வேன் ஓட்டுகிறான். காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்த சேலத்து ஏஜெண்டுகளை முதலாளி தூத்துக்குடிக்கு அனுப்பி, ஸ்பீடு போட்டில் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிக்காட்ட ஏற்பாடு செய்திருந்தார். பத்துப் பேர் மட்டும் ஏறுகிற படகு. அரை நாள் பயணம். கடைசி நேரத்தில் ஒரு குடும்பம் வரவில்லை என்றதும் முதலாளியம்மா போன் போட்டாள். காளீஸ்வரன் குளித்துக்கொண்டிருந்தான். எடுத்தவள் இசைவாணி.

"காளியையும் சேத்து நாலு பேருக்கு எடம் இருக்கு. வீணாப் போகுதேன்னு சொன்னேன். நீங்களும் போயிட்டு வாங்கம்மா."

காளீஸ்வரன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, யார் என்று கேட்டான். விவரத்தைச் சொன்னவள் முடிக்கும்போது, "மூணு சீட்டாம்" என்றாள்.

பதினேழு வருசக் கல்யாணத்தில் அவளும் புருசனும் மகள் ரோஜாவும் மட்டுமாக எங்கும் போனதில்லை. எங்கே கிளம்பினாலும் பஞ்சம்மாள் முதலில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்திருப்பாள். பாவம், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? புருசன் இல்லை, பிள்ளை இல்லை. தாயில்லாத தம்பியைத் தீப்பெட்டி ஒட்டி வளர்த்தவள். அதெல்லாம் இசைவாணிக்கும் தெரியும். ஆனாலும் ஒரே ஒரு நாள், அரை நாள், நாங்கள் மூன்று பேர் மட்டும் என்று ஆசைப்பட்டுவிட்டாள். அது ஒரு குற்றமா என்றால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவளை அறுத்துக்கொண்டிருந்தது வேறு. "யாரும்மா தவறுனது?" என்று அய்யாதுரை கேட்டபோது, ஏற்கெனவே செத்துப்போன பெரியப்பன், சித்தி என்று எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை இன்னொரு தடவை சாகச் சொல்லியிருக்கலாம். நாக்கில் வந்து நின்றது பஞ்சம்மாள் பேர். அது எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது?

வெள்ளிக்கிழமை விடியும் முன்னே வேன் கிளம்பியது. எட்டயபுரம் தாண்டும்போது ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி காளீஸ்வரன் சொன்னான்:

"அக்காட்ட நேத்தே சொல்லிட்டேன். மூணு சீட்டுத்தான் இருக்காம்க்கா, கோவிச்சுக்காதன்னேன்."

"என்ன சொன்னாக?" இசைவாணி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதுக்கென்னடா, புள்ளையப் பத்திரமாக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்கன்னுச்சு. திருச்செந்தூருக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? நாம எல்லாரும் கடல்ல குளிக்க, அக்கா கரையில உக்காந்து பையையும் செருப்பையும் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அங்கன ஒரு படகப் பாத்துட்டு, சாகுறதுக்குள்ள ஒருவாட்டி ஏறணும்டா தம்பின்னுச்சு."

சாகுறதுக்குள்ள என்ற சொல் வந்ததும் இசைவாணி பையைத் திறந்து எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

படகுத்துறையில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. படகுக்காரர் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, கையிலிருந்த தாளைப் பார்த்து ஆட்களை எண்ணினார். சேலத்து ஏஜெண்டுகள், லட்சுமிகாந்தத்தையும் சேர்த்து ஆறு பேர். சரி. அடுத்து காளீஸ்வரன் பக்கம் வந்தார்.

"டிரைவர் வீட்டு ஆள் நாலு. மூணுதான் நிக்கிறீங்க. இன்னொருத்தர் எங்க?"

காளீஸ்வரன் சிரித்தான். "நாங்க மூணுதான்ணே."

"நாலுன்னுதான் எழுதிருக்கு. வேணும்னா பாருங்க."

"வரல" என்றாள் இசைவாணி. அவள் சொன்ன வேகத்தில் காளீஸ்வரன் திரும்பிப் பார்த்தான்.

"யாரு வரல?"

"எனக்கென்ன தெரியும். முதலாளியம்மா தப்பாச் சொல்லிருப்பாக. ஏறுங்க, நேரமாகுது."

 ஏறி உட்கார்ந்த பிறகும் அவன் நெற்றிச் சுருக்கம் போகவில்லை. அவர்கள் வரிசையில் ஓரத்து இருக்கை காலியாகக் கிடந்தது. லட்சுமிகாந்தம் அதைப் பார்த்துவிட்டு, "சும்மாதானே இருக்கு" என்று தன் முறுக்குப் பையை அதன் மேல் வைத்தார். அந்தப் பையை எடுத்துக் கடலில் வீசலாம் போல வந்தது இசைவாணிக்கு.

படகு சீறிக்கொண்டு கிளம்பியது. மூக்கு மேலே தூக்க, பின்னால் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய, லட்சுமிகாந்தம் "முருகா!" என்று அலறினார். ரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். தண்ணீர் வாரி அடித்து மூன்று பேருக்கும் முகம் நனைந்தது. காளீஸ்வரன் சின்னப் பையன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஹோவென்று கத்தினான். அவன் இப்படிக் கத்தி இசைவாணி பார்த்ததே இல்லை. அவளும் கத்தினாள். பொய்யாவது ஒன்றாவது, கொஞ்ச நேரம் எல்லாமே மறந்துபோனது. அந்தச் சந்தோசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவள் அதற்காகத்தானே இத்தனையும் செய்தாள்.

முதல் தீவு வந்தது. வெள்ளை மணலும் புதருமாக, ஆளே இல்லாமல் கிடந்தது. இறங்க அனுமதி இல்லை, சுற்றித்தான் பார்க்க வேண்டும் என்றார் படகுக்காரர். ரோஜா போட்டோவாக எடுத்துத் தள்ளினாள்.

"அத்தைக்கு அனுப்பணும்மா. அது எடுத்துக்குடுத்த சுடிதாரத்தான் போட்டிருக்கேன். படகுல போறப்ப இதையே போட்டுக்கன்னு நேத்து போன்ல சொன்னுச்சு."

"எப்ப எடுத்துக்குடுத்தாக?"

"போன வாரம் சாத்தூர்ல. உங்கிட்டச் சொன்னா காசு எதுக்குன்னு திட்டுவியாம்."

இசைவாணி மகளின் தோளில் ஒட்டியிருந்த நனைந்த துணியைச் சரிசெய்தாள். நல்ல பருத்தித் துணி. தன் காசில் இதைவிட நல்லதை அவள் எடுத்திருக்க மாட்டாள்.

இரண்டாவது தீவுக்குப் பக்கத்தில் ஆழமில்லாத இடத்தில் படகை நிறுத்தி, அடியில் பவளப்பாறை தெரிகிறது பாருங்கள் என்றார் படகுக்காரர். எல்லோரும் ஒரு பக்கமாகக் குனிந்தார்கள். அப்போதுதான் இசைவாணியின் போன் டிங், டிங் என்று அடித்தது. அதுவரை இல்லாத டவர் அங்கே எப்படியோ கிடைத்துவிட்டது.

கூட வேலை பார்க்கிற செல்லக்கனியிடமிருந்து நாலு மெசேஜ்.

"வாணி எப்ப எடுக்குறீங்க?"

"போன் போகல. நாங்க கெளம்பிட்டோம். கம்பெனி வேன்லயே வாரோம்."

"அய்யாதுரை அண்ணாச்சி மால வாங்கிட்டாரு. ரூம்ல எல்லாரும் வாரோம்."

"வெம்பக்கோட்டை வந்துட்டோம். தைரியமா இரு."

முதல் மெசேஜ் ஒன்பதே காலுக்கு வந்திருந்தது.  கம்பெனிக்குள் செல்போன் கூடாது. உள்ளே போகிறவர்கள் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும், சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும். செல்லக்கனி ஒன்பதே காலுக்கு மெசேஜ் அனுப்புகிறாள் என்றால் அவர்கள் யாருமே வேலைக்குப் போகவில்லை.

துட்டி என்றால் அந்த அறையே சேர்ந்து போகும். வெடிமருந்தோடு வேலை செய்கிற பெண்கள். யார் வீட்டுக்கு எப்போது யார் அழ வரவேண்டியிருக்கும் என்று தெரியாதவர்கள். அரைநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று கிளம்பிவிடுவார்கள். இசைவாணியே எத்தனை வீட்டுக்கு அப்படிப் போயிருக்கிறாள். ஆனாலும் இந்தச் சீசனில் அய்யாதுரை விடமாட்டார் என்று நினைத்துவிட்டாள். அவரோ மாலை வாங்கிக்கொண்டு முன்னால் உட்கார்ந்து வருகிறார்.

அச்சங்குளத்தில் பஞ்சம்மாள் தனியாக இருக்கிறாள். போன மாதம்தான் நெஞ்சை அடைக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தார்கள். பத்துப் பெண்கள் மாலையோடும் ஒப்பாரியோடும் வாசலில் வந்து நின்று, செத்துப்போனது நீதான் என்றால் அந்த நெஞ்சு என்ன ஆகும்?

செல்லக்கனிக்குப் போட்டாள். மணி அடித்தது. அதற்குள் படகு உறுமிக்கொண்டு நகர்ந்தது. போன் செத்துவிட்டது.

"நிறுத்துங்க! படகத் திருப்புங்க!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படகுக்காரர் வேகத்தைக் குறைத்தார். "என்ன புள்ள, என்னாச்சு?" என்று காளீஸ்வரன் அவள் கையைப் பிடித்தான்.

"டவர் வேணும். அக்காவுக்குப் போன் போடணும்."

"அக்காவுக்கா? என்னாச்சு அக்காவுக்கு?"

சேலத்துக்காரர்கள் ஆறு பேரும் முறுக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஜா பார்த்துக்கொண்டிருந்தாள். இசைவாணி சொன்னாள். லீவு கேட்டதை, அய்யாதுரை கேட்டதை, தன் வாயில் வந்ததை. சொல்லச் சொல்ல அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

"உசுரோட இருக்கிற எங்கக்காவையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேற பேரே கெடைக்கலையா வாணி உனக்கு?"

அவளும் அதைத்தான் நேற்றிலிருந்து தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். 

காளீஸ்வரன் காலி இருக்கையைப் பார்த்தான். அதன் மேலிருந்த முறுக்குப் பையைப் பார்த்தான். வேன் ஓட்டுகிறவனுக்கு ஆள் கணக்குத் தப்பாது.

"அந்த நாலாவது சீட்டு?"

"நமக்குத்தான் குடுத்தாக."

அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஓர் அடி அடித்திருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள். அவன் அவள் கையை விட்டுவிட்டு, படகுக்காரரிடம் போய், "அண்ணே, டவர் கெடைக்கிற எடத்துக்குக் கொஞ்சம் போங்கண்ணே" என்றான். ரோஜா எழுந்து அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "பாவம்ங்க, திருப்புங்க, நாங்க தீவை அப்புறம் பாத்துக்கிறோம்" என்றார் லட்சுமிகாந்தம். அந்த நல்ல மனசுகூட இசைவாணியைக் குத்தியது.

துறைமுகத்துப் பக்கமாக வந்ததும் போன் உயிர் பெற்றது. அவள் விரல் படுமுன்னே அதுவே அடித்தது. திரையில் 'மதினி' என்றிருந்தது.

"ஸ்பீக்கர்ல போடு" என்றான் காளீஸ்வரன்.

"ஏ வாணி, எங்கன இருக்க?" பஞ்சம்மாளின் குரல் தணிந்து ரகசியம்போல வந்தது. "காத்துச் சத்தம் கேக்குதே. படகுலயா?"

"மதினி, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"எனக்கென்ன. செத்தவளுக்கு நெஞ்சுவலி ஏது?"

இசைவாணி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மெதுவாப் பேசு. அவுக எல்லாரும் வாசல்ல உக்காந்திருக்காக. நான் கொல்லையில நின்னு பேசுறேன். பதினோரு பேரு வந்திருக்காக வாணி. நான் பாட்டுக்கு அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தேன். செல்லக்கனின்னு ஒரு புள்ள ஓடிவந்து என்னையக் கட்டிப்பிடிச்சு, பஞ்சம்மா மதினி போயிட்டாகளேன்னு அளுவுது. என்கிட்டயே அளுவுது. நீங்க யாருன்னு கேட்டுச்சு. உன் பேரைச் சொல்லி, நேத்து வாணி லீவு கேட்டு அளுதுச்சுன்னதும் எனக்கு வெளங்கிருச்சு. நான் செத்தவளோட அக்கான்னுட்டேன்."

"அக்கா..." என்றான் காளீஸ்வரன்.

"நீயும் இருக்கியாடா? ஒண்ணும் பயப்படாதீக. விடியமுன்னே எடுத்தாச்சுன்னு சொல்லிட்டேன். தம்பியும் வாணியும் சாமான் வாங்க விருதுநகருக்குப் போயிருக்காகன்னேன். பக்கத்து வீட்டு ஆவுடைத்தாயி வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறா, அவளையும் அடக்கி வச்சிருக்கேன். துட்டி வீட்டுல அடுப்பு பத்தவைக்கக் கூடாதுல்ல, வந்தவுகளுக்கு ஒரு வாய் காப்பி குடுக்க முடியல. அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

 படகு அலையில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"அந்த அண்ணாச்சி மாலைய என் கையிலயே குடுத்துட்டாரு. என் மாலைய நானே வாங்கி வச்சிருக்கேன். ரோசாப்பூ மாலை, நல்ல கெட்டியான மாலை. நான் செத்தா இம்புட்டுப் பேரு வருவாகன்னு நெனைச்சதே இல்ல வாணி." குரலை இன்னும் தணித்தாள். "உன் வேலைக்கு ஒரு பங்கமும் வராது. ஆனா பதினாறாம் நாள் காரியத்துக்கும் வாராகளாம். அதுக்கு என்ன சொல்லணும்னு பெறகு யோசிப்போம்."

"என்னைய மன்னிச்சுருங்க மதினி."

"எனக்குக் கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். லீவு வேணும்னா எங்கிட்டச் சொல்லிருந்தா நானே ஒரு நாள் செத்திருப்பேன். போகட்டும். சின்னப்புள்ளைக ஆசைப்பட்டீக. படகுல எடம் மட்டும் இருந்திருந்தா என்னைய விட்டுட்டா போயிருப்ப?"

காளீஸ்வரன் இசைவாணியைப் பார்த்தான். சொல்லு என்றும் காட்டவில்லை, சொல்லாதே என்றும் காட்டவில்லை. ஆமாம் மதினி என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். பஞ்சம்மாள் எல்லாவற்றையும் மூடி மறைத்துக்கொடுப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவள் கையால் ரசம் சாப்பிடலாம். காளீஸ்வரனும் அக்காவின் மனசு நோகுமே என்று வாயைத் திறக்க மாட்டான்.

"எடம் இருந்துச்சு மதினி" என்றாள் இசைவாணி. "நாலு சீட்டு குடுத்தாக. நான்தான் மூணுன்னு சொன்னேன். உங்க தம்பிக்குத் தெரியாது."

 அந்தப் பக்கம் வாசலில் யாரோ பேசுவது கேட்டது.

"காலியாவா கெடக்கு இப்ப?"

"ஆமா மதினி."

"சரி" என்றாள் பஞ்சம்மாள். போனை வைத்துவிட்டாள்.

காளீஸ்வரன் திரும்பக் கூப்பிட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டான். மூன்றாவது தடவை சுவிட்ச் ஆஃப் என்று வந்தது.

இனி யாருக்கும் தீவு பார்க்கிற மனசில்லை. படகுக்காரரும் கரைக்கே விட்டார். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இசைவாணிக்கு ஒரு நிமிசம் தோன்றியது. தோன்றியதற்காகவும் வெட்கப்பட்டாள். ரோஜா அவள் பக்கம் முகத்தையே திருப்பவில்லை. லட்சுமிகாந்தம் மட்டும் ஓசைப்படாமல் முறுக்குப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

துறையில் கால் வைக்கும்போது காளீஸ்வரனுக்குப் போன் வந்தது. அச்சங்குளத்து ஆவுடைத்தாய்.

"ஏப்பா காளி, என்னப்பா நடக்குது இங்கன? உங்கக்கா வீட்டப் பூட்டிச் சாவிய என்கிட்டக் குடுத்துட்டு, அந்த வேன்ல ஏறிப் போயிட்டாகளே! அந்தப் பொம்பளைக கூடவே. மாலையவும் கையில எடுத்துக்கிட்டாக."

"எங்க போறேன்னு சொன்னுச்சு?"

"கேட்டேன். பதிலே சொல்லல."

காளீஸ்வரன் போனை இறக்கினான். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக்கூட மறந்து மூன்று பேரும் வெயிலில் நின்றார்கள். அந்த வேன் நேராகப் போவது நாரணாபுரம் கம்பெனிக்கு. அங்கே கேட்டில் முதலாளி இருப்பார், கணக்கர் இருப்பார், ஐம்பது பேர் இருப்பார்கள்.

இசைவாணியின் போன் அடித்தது. செல்லக்கனி.

"எடு" என்றான் காளீஸ்வரன்.

எடுத்தாள். வேன் ஓடுகிற இரைச்சல் கேட்டது. பெண்கள் யாரும் பேசும் சத்தமே இல்லை.

"வாணி" என்றாள் செல்லக்கனி. அவள் குரல் காலையில் கட்டிப்பிடித்து அழுதவளின் குரலாக இல்லை. "எங்ககூட வார இந்த அக்கா ஒண்ணு சொல்றாக. அது நெசமா?"

பஞ்சம்மாள் என்ன சொன்னாள் என்று இசைவாணி கேட்கவில்லை. தப்பிக்க வழி இருக்கிறதா என்றும் இந்தத் தடவை தேடவில்லை.

"நெசந்தான்" என்றாள்.